சத்தம் எந்தப் பக்கம்? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன: "இதை மாற்றினேன், அதையும் மாற்றினேன், இன்னும் சரியாகவில்லை." இதைப் படித்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நான் பரம்பரை மெக்கானிக் அல்ல. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 26 வருடமாக ஒரே வண்டி வைத்திருக்கிறேன். குட்டை சேஸிஸ், டீசல், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், லீவரைத் தள்ளினால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. முதல் ஐந்து வருடத்தில் நன்றாக இருந்த எத்தனை பாகங்களை நான் கழற்றி எறிந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். கேட்டால் வரிசையாகச் சொல்வாள். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஐயா, சேற்றில் நான்கு சக்கரம் போட்டு வெளியே வந்தேன். தார்ச்சாலையில் ஏறிய பிறகு லீவர் திரும்ப வரவே மாட்டேன் என்கிறது. வளைவில் ஸ்டியரிங் கல்லாகிறது, டயர் உதறுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள். (டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸின் இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி.) முதலில் வண்டியை ரிவர்ஸில் போட்டு ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் எடுங்கள். எடுக்கும்போதே லீவரை இரண்டு சக்கர நிலைக்கு மெதுவாக இழுத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலும் 'டக்'கென்று தானாக விழுந்துவிடும்.

காரணம் இதுதான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. அதாவது அதிக தூரம். ஆனால் உங்கள் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் நடுவே டிஃபரன்ஷியல் (இரு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டும் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அப்போது ஷாஃப்ட், கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்டின் மடங்கும் மூட்டு), பல்சக்கரம் எல்லாமே ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு லீவர் நகர்த்த வேண்டிய பற்களை இறுகக் கவ்விக்கொள்கிறது. கையால் எவ்வளவு இழுத்தாலும் வராது. ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும்.

ரிவர்ஸில் விடுபட்டது என்றால் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸில் குறை இல்லை. காய்ந்த சாலைக்கு வருவதற்கு முன்பே, இன்னும் மண்ணில் இருக்கும்போதே, இரண்டு சக்கரத்துக்கு மாறிவிடுங்கள். எப்போதும் நான்கும் இழுக்கும் வகை வண்டிகளில் நடுவே டிஃபரன்ஷியல் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றிலும் நடு டிஃபரன்ஷியலை லாக் செய்துவிட்டுத் தாரில் ஓட்டினால் இதே கதைதான்.

நேராக ஓட்டினாலும் லீவர் இறுகுகிறது என்றால் டயரைச் சந்தேகியுங்கள். நீங்கள் கடிதத்தின் அடியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "முன்னால் மட்டும் புது டயர் போட்டேன்." எனக்கு அதுதான் முக்கியமான வரி. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றியதும் தரையில் மறுகோடு போட்டு அளந்து, பத்தால் வகுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. (ஊசலின் ஒரு அலைவை அளக்காதே, இருபதை அளந்து வகு என்று பிள்ளைகளிடம் கத்திய வாய் இது, பழக்கம் விடாது.) சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டரில் 454 சுற்று. முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றுக்கு 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் 13 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் சேர்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏதோ ஒரு டயர் தேய்ந்தோ, ஏதோ ஒரு கிராஸ் உடைந்தோதான் தீரும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், சரியான காற்று. அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முன் ஹப்பைக் கையால் லாக் செய்யும் வண்டி என்னுடையது. லாக் உண்மையில் பிடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம்; அதை லாக் செய்தால்தான் முன் சக்கரம் ஆக்சில் தண்டோடு சேர்ந்து சுற்றும். டிரான்ஸ்ஃபரை இரண்டு சக்கர நிலையில் வையுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். இரண்டு ஹப்பையும் லாக் செய்துவிட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டும் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கூடவே சுற்ற வேண்டும். பிறகு தூக்கிய பக்க ஹப்பை விடுவித்துச் சுற்றுங்கள். ஷாஃப்ட் சும்மா நிற்க வேண்டும். அடுத்த பக்கமும் இப்படியே. லாக் செய்தும் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் இரண்டு ஹப்பில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. தூக்கிய பக்கம்தான் பழுது என்று அவசரப்படாதீர்கள். எதிர்ப்பக்க ஹப் நழுவினாலும் டிஃபரன்ஷியல் வழியாகச் சுழற்சி அந்தப் பக்கம் ஓடிவிடும்; ஷாஃப்ட் அசையாது. மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்து பிசினாகிப்போன கிரீஸ்தான் குற்றவாளி. கழுவி, மெல்லிசாகப் புது கிரீஸ் பூசினால் போதும். பந்துபோல அடைத்தால் மறுபடியும் சிக்கும்.

இந்த ஹப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து கழித்துக் கட்டப்பட்ட ராணுவ ஜீப்புகளை மக்கள் சாலையில் ஓட்ட ஆரம்பித்தபோது, முன் ஆக்சில் வீணாகச் சுற்றிக்கொண்டே வருவது பெரிய தொல்லையாக இருந்தது. அதற்காக 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் செய்து விற்றதுதான் இந்த லாக்கிங் ஹப். இன்றும் அவர் பெயரிலேயே அந்த நிறுவனம் இருக்கிறது.

தனியாகத்தான் வேலை செய்கிறேன். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி மட்டும் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மில் இருக்கும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் அப்படித்தான். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் அப்படித்தான். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைப் பிடிக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய அடுத்த நொடி கதை மாறிவிடும். ஷாஃப்ட் பிடிபட்டு நிற்கும்; ஆனால் தரையில் இருக்கும் சக்கரம் முன்னே உருள, தூக்கிய சக்கரம் காற்றில் பின்னே சுற்றும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே? வண்டி நகரும். ஜாக்கி சாயும்.

எனக்கு இது நடந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு, ஹேண்ட் பிரேக் கடைசிப் பல்வரை இழுத்திருந்தேன், சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தகட்டில் துரு தேய்க்கக் கையை உள்ளே விட்டவன், கம்பி பிரஷ் எடுக்க வெளியே எழுந்தேன். அந்த நேரத்தில் வண்டி ஒரு சாண் நகர்ந்து, ஜாக்கி படுத்து, பிரேக் டிரம் தரையில் குத்தி நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை. கை இருந்த இடத்தில் டிரம் இருந்தது. அன்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே: தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. சேஸிஸுக்கு அடியிலோ ஆக்சிலுக்கு அடியிலோ உறுதியான ஸ்டாண்ட். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துச் சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் தவறினாலும் அது ஒரு கை அளவு இடம் விடும். இன்னொன்று, டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் உருளும். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொடர்பே அறுந்துவிட்டது அல்லவா. லீவர் தட்டுப்பட்டு நகர்ந்தது தெரியாமல் அடியில் நுழைந்தவர்கள் உண்டு.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிறது. நின்றால்தான் நிற்கிறது. வீல் பேலன்ஸ், டயர், ஸ்டியரிங் டாம்பர் எல்லாம் மாற்றிவிட்டேன். டாம்பர் மாற்றிய பிறகு இரண்டு மாதம் நன்றாக இருந்தது.

இரண்டு மாதம் நன்றாக இருந்ததுதான் துப்பு. ஸ்டியரிங் டாம்பர் (உதறலை அடக்கும் உருளை) நோயைக் குணப்படுத்தாது. வலி தெரியாமல் செய்யும். அடியில் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. முன்னால் ஒற்றைக்கட்டை ஆக்சில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் வரும் வியாதி இது.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாக ஓரிரு அங்குலம் மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது என் மனைவியின் வேலை. புத்தகம் படித்துக்கொண்டே ஆட்டுவாள். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மீதும் உள்ளங்கையை வையுங்கள்: டை ராட் எண்டுகள், டிராக் லிங்க் (இவை ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைப்பவை), ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்கள், லீஃப் ஸ்பிரிங் புஷ்கள். காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் இரண்டு முனை புஷ்களை முதலில் பாருங்கள். கண்ணால் தேடினால் தெரியாத தளர்ச்சி கைக்குத் தெரியும். ஒரு பக்கம் அசைந்து அடுத்த பக்கம் தாமதமாக அசைகிறது என்றால் அந்த மூட்டுதான்.

அடுத்து ஒவ்வொரு முன் சக்கரமாகத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா, கிங்பின்னா (ஸ்டியரிங் திருப்பும்போது முன் சக்கரம் திரும்பும் அச்சு) என்று சண்டை வரும். உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குங்கள். ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின். பிரேக் மிதிக்கும்போது டிரம்மும் அதன் பின்தகடும் ஒன்றாகிவிடுகின்றன. பேரிங்கின் தளர்ச்சி மறைந்துபோகிறது, அதற்கும் உள்ளே இருக்கும் கிங்பின்னின் தளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. எனக்குத் தெரிந்தவரை காசே இல்லாத சோதனைகளில் இதுதான் சிறந்தது.

கிங்பின் பேரிங்கை இறுக்க ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் வண்டியின் கையேட்டில் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்கும் அளவு கொடுத்திருப்பார்கள். அதைப் பின்பற்றுங்கள், கைக்கணக்கு வேண்டாம். சரியாகும்வரை வேகம் வேண்டாம்.

பிரேக் ஆயில் நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 3 வகைக்கான விதிப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி அது கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய வண்டியின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதோ காற்றுக்குழாய் வைத்து அடிப்பதோ கூடவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

டீசல் வண்டி. காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. ஹேண்ட் பம்ப்பை அடித்துவிட்டுத் தொட்டால் உடனே பிடிக்கிறது. ஹீட்டர் பிளக் நான்கும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

நான்கு ஹீட்டர் பிளக்கும் பாவம். ஹேண்ட் பம்ப் அடித்தால் பிடிக்கிறது என்பதிலேயே பதில் இருக்கிறது: ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. எங்கோ காற்று நுழைகிறது. டீசல் வெளியே கசியும் அளவுக்கு ஓட்டை இருக்க வேண்டியதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் அடியில் சொட்டே இருக்காது.

இன்றிரவு ஒரு சோதனை. டேங்க் பின்னால் இருக்கிற வண்டி என்றால் மூக்குக் கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி லேசான சரிவில் கட்டை வைத்து நிறுத்துங்கள். காலையில் ஒரே தொடுதலில் பிடித்தால் என் சந்தேகம் சரி. பிறகு ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு டீசலுக்கு ஏற்ற கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திப் பாருங்கள்; குமிழ் ஓடுவது தெரியும். அதன் பிறகு டேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள். வெடித்த ரப்பர் குழாய், ஃபில்டரின் மேல் வாஷர், திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் தட்டையாகிப்போன செம்பு வாஷர், ஹேண்ட் பம்ப்பின் உள் வால்வு. எனக்கு வந்தபோது கடைசியாகப் பார்த்த ஹேண்ட் பம்ப்தான் காரணம். முதலிலேயே அதைப் பார்த்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

ஹீட்டர் பிளக் போயிருந்தால் அடையாளம் வேறு. செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வரும். பிடித்த பிறகு ஒரு நிமிடம் நொண்டிவிட்டுச் சரியாகும். மீட்டரில் ஓம் வைத்து அளந்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். எரிந்த பிளக் எதையும் காட்டாது. அளந்த பிறகு மாற்றலாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பிளக்கின் சூட்டிலேயே தீப்பிடித்து வெடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. ஆனால் உள்ளே திசு அழுகும். அப்படி நடந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய் "டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று சொல்லுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

ஆற்றைக் கடந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயில் பால்விட்ட காபிபோல் ஆகிவிட்டது. சீல் மாற்றியும் மறுமுறை அதேதான்.

சீல் அல்ல, மூச்சுக்குழாய். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன பிரீதர் இருக்கும். சேறு அடைத்தோ துருப்பிடித்தோ மூடியிருக்கும். ஓடி வந்த ஆக்சில் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது, ஆற்று நீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்தால், சார்லஸ் விதிப்படி அதன் கன அளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்க வேண்டும். பிரீதர் திறந்திருந்தால் அந்த இடத்தை வெளிக்காற்று நிரப்பும். அடைத்திருந்தால் ஆக்சில் சீல் வழியாக ஆற்றையே உறிஞ்சும். புது சீலும் வெளியே எண்ணெய் போகாமல் தடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது; உள்ளே இழுப்பதை எவ்வளவு தடுக்கும்? பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் பொருத்தி இன்ஜின் அறையின் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். நீரில் இறங்கும் முன் கொஞ்ச நேரம் நின்று ஆற விடுங்கள்.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்றுங்கள்; வடிக்கும் மூடி அப்புறம். வடித்துவிட்டு மேல் மூடி துருவில் இறுகிக் கழலவில்லை என்றால், ஆயிலே இல்லாத வண்டியோடு தெருவில் நிற்பீர்கள். இது கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல.

பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஜிஎல்-5 ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றாதீர்கள். பழைய கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமன்படுத்துபவை) பித்தளை. ஜிஎல்-5-ல் உள்ள கந்தகக் கலவைகள் சிலவற்றுக்குப் பித்தளை ஆகாது. கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

சாவி திருகினால் 'டக்' மட்டும். புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார். விளக்கு எல்லாம் பிரகாசமாக எரிகிறது. அப்பா திட்டுகிறார்.

தம்பி, அப்பா திட்டுவதில் நியாயம் இருக்கிறது. மீட்டரை வோல்ட்டில் வை. ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே), மறுமுனை இன்ஜினின் வெற்று இரும்பில். அப்பாவைச் சாவி திருகச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி சரியில்லை. அதேபோல் பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே பார். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். இற்றுப்போன கம்பியும் அதைக் கடத்தும். செல்ஃப் 200 ஆம்பியர் கேட்கும்போது இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே காணாமல் போகும். ஓம் விதி பரீட்சைக்கு மட்டும் அல்ல. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டையின் இரு முனையிலும் பெயின்ட், துருவைச் சுரண்டிவிட்டு இறுக்கு.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

சேஸிஸை. இன்ஜின், கியர்பாக்ஸ் எதுவும் கிடைக்கும்; மக்கிய சேஸிஸ் தலைவலி. சின்னச் சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும். துருத்தட்டு 'தொப்' என்னும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த இடத்தில் இரண்டு முறை தட்டுங்கள். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, சேஸிஸ் இரும்பு. மேலே பளபளப்பாக இருப்பதை நம்பி வாங்கினவர்கள் அடியில் படுத்துப் பார்க்காதவர்கள்.

ஐயா, சென்ற இதழில் "அடியில் 'டிங்' என்று சத்தம் வருகிறது" என்று கேட்டிருந்தேன். பின் கிராஸ் ஜாயிண்டாக இருக்கும் என்றீர்கள். மாற்றினேன். சத்தம் அப்படியே இருக்கிறது.

உங்கள் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். "மேடு பள்ளத்தில் மட்டும்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கிராஸ் ஜாயிண்ட் போயிருந்தால் முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டங்' என்று அடிக்கும். மெதுவாக ஓடும்போது குருவிபோல் கீச்சிடும், வேகம் கூடினால் கீச்சும் கூடும். சாலையின் மேடு பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நல்ல கிராஸ் ஒன்றை என் பேச்சைக் கேட்டுக் கழற்றிவிட்டீர்கள். மன்னியுங்கள்.

இப்போது பின் பம்ப்பருக்கு அருகில் சேஸிஸ் குழாயைக் கை முஷ்டியால் குத்திப் பாருங்கள். 'டிங்' உள்ளிருந்து வந்தால் சேஸிஸின் ஓட்டை வழியாக ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி விடுங்கள். போன வருடம் எனக்கு அப்படித்தான் 14 நம்பர் ஸ்பேனர் கிடைத்தது. அதற்குப் பதிலாக வேறொன்று வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.